கருக்குமட்டை இரசிகர் மன்றத் தலைவர் மன்னிப்புக் கேட்கமாட்டார்

வேலணை,
19.08.2025

பேரன்புக்குரிய பெரியண்ணை அவர்களுக்கு,

ஒஸ்லோவில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க எங்கள் அம்மாளாச்சி துணை நிற்பாளாக. இங்கே நானும் சுகம், தங்கச்சி கோசலாவும் சுகம். அவளுடைய மகன் நிசாந்தன் மிக மிகச் சுகம் என்பதை முதலிலேயே அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் அவனுக்காக மீசை வழித்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கோசலாவின் தொலைபேசிக்கு நீங்கள் அனுப்ப, அவள் அதைச் சந்தியில் அச்செடுத்து, என் கேற்றில் செருகிவிட்டுப் போய்விட்டாள். உள்ளே வரவில்லை. அவள் என்னோடு கதைத்து இன்றோடு ஒன்பது நாள். நீங்கள் பதினேழு தடவை அழைத்தும் நான் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். நான் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், அதை மன்றத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டுமாம், தலைவர் பதவியை விட்டும் விலக வேண்டுமாம். அண்ணை, இருபத்தாறு வருடம் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்தவன் நான். ஒரு முறை பதிந்ததை வெட்டி எழுதிப் பழக்கம் இல்லை. கேட்கமாட்டேன், ஒட்டமாட்டேன், விலகமாட்டேன். நிசாந்தனும் கூட்டாளிகளும் என் ஹோலில் இருந்து தூக்கிக்கொண்டு போன ட்ரம் செற்றைத் திரும்பக் கொண்டுவந்து வைத்து, பழைய பாட்டைப் பழைய மாதிரி அடிக்கும்வரை இந்த வீட்டிலிருந்து ஒரு சொல் மன்னிப்பும் வெளியே போகாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நீங்கள் ஊரை விட்டுப் போய் முப்பத்தைந்து வருடம். கருக்குமட்டை என்றால் வேலி அடைக்கிற மட்டை என்றுதான் உங்களுக்கு நினைவு வரும். இது பாட்டுக் குழு. என் மனைவி இராசேஸ்வரி காலமாகி ஆறாம் மாதம் நிசாந்தன் இரண்டு பெடியளோடு வாசலில் வந்து நின்றான். ஒருவன் ஊர்காவற்றுறை றெக்ஷன், பஸ்ரியாம்பிள்ளையின் மகன், தகப்பனோடு கடலுக்குப் போய்வந்த கையோடு கிற்றார் தூக்குகிறவன். மற்றவன் புளியங்கூடல் சுஜிதன், ட்ரம் அடிக்கிறவன். “மாமா, பழக ஒரு இடம் வேணும், ஒருதரும் விடுகினமில்லை. இது றப்பும் றொக்கும் கலந்தது, கொஞ்சம் சத்தமாய் இருக்கும்” என்றான் நிசாந்தன். கோசலா தன் வீட்டில் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது என்று துரத்தினாளாம், றெக்ஷனின் தாய் மேரிசுகந்தி செபமாலையோடு எழும்பி வந்து துரத்தினாளாம், சுஜிதன் வீட்டில் ஆடு கயிறு அறுத்துக்கொண்டு ஓடியதாம். நான் “வாங்கோ” என்றேன். முதல் நாள் அடித்த அடியில் அலுமாரிக் கண்ணாடி வெடித்தது. நான் கதிரையை இழுத்து ட்ரம்முக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தேன். பெடியள் ஆளையாள் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஐந்து வருடம், கிழமையில் நான்கு நாள், நான் அந்தக் கதிரையில் இருந்தேன். இரசிகர் மன்றத்தைத் தொடங்கியதும் நான், விதிகளைத் தொகுத்து யாப்பு எழுதியதும் நான், இறப்பர் முத்திரை செய்வித்ததும் நான்.

அந்தப் பாட்டுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியாது. குடிதண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறிக்கு நாங்கள் காத்து நிற்கிறதைப் பற்றி ஒரு பாட்டு. எழுதிய தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது:

வாளி நிக்குது வரிசையிலை,
பவுசர் எங்கை? பவுசர் எங்கை?
பைப் போடுறன் எண்ட கடதாசி
வந்திட்டுது, தண்ணி எங்கை?

இதை ஊர்காவற்றுறை இறங்குதுறையில் அவர்கள் பாடியபோது காரைநகருக்குப் போக நின்ற சனம் படகை விட்டுவிட்டு நின்று கேட்டது. படகோட்டி ஏசவில்லை, அவரும் நின்றார். கழுத்து நரம்பு புடைக்க நிசாந்தன் கத்த, சுஜிதன் அடிக்க, றெக்ஷனின் கிற்றார் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஓட, அதுதான் அண்ணை பாட்டு.

இந்த ஆனியில் இவர்கள் புதிய தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். கத்தல் இல்லை. றெக்ஷன் கரண்ட் இல்லாத கிற்றார் வைத்திருக்கிறான். சுஜிதன் ஒரு மரப்பெட்டிக்கு மேலே குந்தியிருந்து விரலால் தட்டுகிறான். மருமகன் மைக்குக்குக் கிட்டப் போய், யாரோ நித்திரை கொள்ளுகிற வீட்டில் நிற்கிற மாதிரி வாயைத் திறக்கிறான். மன்றத்துச் செயலாளர் நிலாந்தினி, ரியூசன் வகுப்பு நடத்துகிற பிள்ளை, இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் அழுததாகப் பெருமையோடு சொல்லித் திரிந்தாள். உடனே ஊர் பிளந்தது. யாழ்ப்பாண பஸ் சாரதிகள் பழைய பாட்டின் பக்கம், அது போட்டால்தான் பண்ணைக் கடலுக்கு நடுவே போகிற தாம்போதியில் கண் சொருகாதாம். ரியூசன் பிள்ளைகள் முழுப்பேரும் புதிய பாட்டின் பக்கம். கடலுக்குப் போகிறவர்கள் என் பக்கம், ஏனென்றால் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கிறது பழைய பாட்டு மட்டும்தான். நயினாதீவுக் கிளை தான் நடுநிலை என்று கடிதம் எழுதிவிட்டு இரண்டு பகுதியின் கூட்டத்துக்கும் வந்து வடை சாப்பிட்டுவிட்டுப் போனது. நெடுந்தீவுக் கிளைக்குக் கடல் கொந்தளிப்பால் செய்தி போய்ச் சேரவில்லை, அவர்கள் பழைய பாட்டையே புதிய பாட்டு என்று ரசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை நான் மதிக்கிறேன்.

பொதுக்கூட்டம் வைத்தோம். நிலாந்தினி எழும்பி என் காதுக்குக் கிட்ட வந்து, “ஐயா, பிள்ளையள் வளருகினம். அதே சட்டையை எத்தினை வருசத்துக்குப் போடுவினம்?” என்று கேட்டாள். “சட்டையை மாத்தட்டும், பிள்ளை. ஆளையே மாத்தக் கூடாது” என்றேன். கை தட்டினார்கள், யாருக்குத் தட்டினார்கள் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. வாக்கெடுப்பில் இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று. பிறகு இங்கே எந்தச் சங்கம் பிளந்தாலும் நடக்கிறது நடந்தது. அவர்கள் மன்ற அறைக்கு ஒரு பூட்டுப் போட்டார்கள், நான் அதற்கு மேலே இன்னொரு பூட்டுப் போட்டேன். இப்போது இரண்டு பகுதியாலும் உள்ளே போக ஏலாது, கதவு நிம்மதியாக இருக்கிறது.

அதெல்லாம் பரவாயில்லை. அடுத்த கிழமை மூன்று பெடியளும் வந்து ட்ரம் செற்றைத் தூக்கினார்கள். புதிய பாட்டுக்கு அது தேவையில்லையாம். இனிப் பழகுகிறது நிலாந்தினியின் முன்னறையிலாம், பக்கத்து வீட்டுத் தொட்டில் பிள்ளை கூட எழும்பாதாம். ட்ரம்மைப் புளியங்கூடலுக்குக் கொண்டுபோய் வெள்ளைத் துணியால் மூடி வைத்திருக்கிறார்கள். வெள்ளைத் துணியால் மூடினால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு பதிவாளருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கே நான் தாளை எடுத்தேன்.

இந்தத் தீவில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி எழுதுவிக்க என்னிடம்தான் வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் அப்பாவுக்கும் நான்தான் எழுதினேன். அந்த ஒழுங்கு பிசகாமல் எழுதினேன்: வேலணையைப் பிறப்பிடமாகவும் பரமலிங்கம் வீட்டு ஹோலை வதிவிடமாகவும் கொண்ட, கருக்குமட்டை நிசாந்தன் அவர்களின் பழைய பாட்டு, ஆனி மாதம் அகால மரணமடைந்தது. அன்னார் பவுசர் பாட்டின் அருமைத் தந்தையும், பஸ் சாரதிகளின் பாசமிகு தோழரும், பரமலிங்கத்தின் பேரன்புக்குரியவரும் ஆவார். நல்ல எழுத்து, இப்போதும் சொல்கிறேன். தவறு அச்சுக்கூடத்தில் நடந்தது. கண்ணீர் அஞ்சலிக்கு அவர்களிடம் ஓர் அச்சு இருக்கிறது. மேலே “அமரர்”, நடுவில் முட்டை வடிவத்தில் படம், கீழே பெயர் ஒரு முழ எழுத்தில், மிச்சம் எல்லாம் எறும்பு எழுத்தில். அங்கே அச்சடிக்கிற பெடியன் என்னை நேரில் கூப்பிட்டு வழமையான மாதிரித்தானா, பெயரைப் பெரிதாகப் போடவா, படத்தை முகநூலில் எடுக்கவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறான். நான் எல்லாவற்றுக்கும் “ஓம் ஓம்” என்றேன். ஆகவே பத்தாம் திகதி ஞாயிறு விடிய என் பக்கத்து ஆட்கள் பஸ் தரிப்பிடம் எல்லாம் ஒட்டிக்கொண்டு போனது, சிரித்த முகத்தோடு அமரர் நிசாந்தன். “அவர்களின் பழைய பாட்டு” என்ற சொற்களைக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும். செத்தவீட்டு நோட்டீசைக் குனிந்து பார்க்கிற சனமா எங்கள் சனம்? படத்தைப் பார்த்ததும் வெள்ளை உடுத்திக்கொண்டு பஸ் ஏறிவிட்டது.

ஒன்பது மணிக்குக் கோசலாவின் வாசலில் அறுபது பேர். அவள் குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தவள், அழுகைச் சத்தம் கேட்டு யாரோ அயலில் செத்துப்போச்சினம் என்று தானும் அழுதுகொண்டு ஓடிவந்திருக்கிறாள். ஊர்காவற்றுறையில் வாடகைக்குக் கதிரை விடுகிற அமலதாஸ், யாரும் சொல்லாமலே நூறு கதிரையோடு லான்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் வந்து இறக்கத் தொடங்கிவிட்டார். பஸ்ரியாம்பிள்ளை தொழிலுக்குப் போகாமல் மலர்வளையத்தோடு வந்தார், அவருடைய மகன் றெக்ஷன் அதே வீட்டுக்குள் இருந்து வாழைப்பழம் சாப்பிடுகிறதைப் பார்த்து வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார். இதற்குள் நிசாந்தன் பிட்டுக் கையோடு வெளியே வந்து, “என்ன, ஆருக்கு என்ன?” என்று கேட்டிருக்கிறான். முன்னால் நின்ற ஒரு மனிசி அவனைப் பார்க்காமலே, “தம்பி, நீ உள்ளுக்கை போய்த் தேத்தண்ணியைப் பார், சனம் வருகுது” என்று தள்ளிவிட்டாளாம். அவனும் போய்த் தேத்தண்ணியைப் பார்த்திருக்கிறான். தன் செத்தவீட்டுக்குத் தானே தேத்தண்ணி கொடுத்தவன் தீவுப்பகுதியில் இவன் ஒருவன்தான். அந்த நேரத்தில் யாரோ போஸ்டரைப் படம் எடுத்து அனுப்பியதால்தான் ஒஸ்லோவில் உங்கள் மீசை போனது. அயலவர்கள் உங்களுக்கு மூன்று நாளைக்குச் சைவச் சாப்பாடு கொண்டுவந்து தந்ததாகவும் அறிந்தேன். அது நல்ல சனம், அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உண்மை தெரிந்ததும் சனம் கோபிக்கவில்லை, அதுதான் எனக்கு வந்த கேடு. வந்ததுதான் வந்தோம், கதிரையும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போவோம் என்று இருந்தது. அமலதாஸ், “தம்பி, உயிரோடை இருக்கிறாய் எண்டால் ஒரு பாட்டுப் படி” என்றாராம். நிசாந்தன் மரப்பெட்டியையும் கரண்ட் இல்லாத கிற்றாரையும் கொண்டுவரச் சொல்லி, முற்றத்தில் இருந்து புதிய பாட்டைப் பாடினான். போஸ்டர் ஒட்டிய பெருமையில் நானும் அப்போது அங்கே போய் முன்வரிசையில் இருந்தேன். அண்ணை, செத்தவீட்டுக்கு என்று வந்த சனத்துக்கு எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். ஒருவர் வாயைப் பொத்தி இருமவில்லை, ஒருவர் தொலைபேசியைத் தொடவில்லை. நிலாந்தினி தான் அழுததாகச் சொன்ன மாதிரியே எல்லாரும் அழுதார்கள். பஸ்ரியாம்பிள்ளை மலர்வளையத்தோடு அழுதார். பஸ் சாரதிகள் அழுதார்கள். என் பக்கத்து இருபத்தொரு வாக்கில் பதினான்கு வாக்கு என் கண்ணுக்கு முன்னாலேயே மூக்கைச் சிந்தியது. அவர்களுடைய பாட்டுக்கு அதைவிட நல்ல சபையை யாராலும் கூட்ட ஏலாது, கூட்டிக் கொடுத்தவன் நான். நான் மட்டும் அழவில்லை. எழும்பி, “இது பாட்டில்லை” என்று சொல்லிவிட்டு நடந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் கோசலா கதைக்காமல் விட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நிசாந்தன் தனியே வந்தான். கிற்றாரைத் தூக்கிக்கொண்டு, ட்ரம் இருந்த இடத்தில் கதிரையைப் போட்டு, எனக்கு முன்னால் இருந்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அவன் கம்பியில் விரலை வைத்தான், வாய் அசைந்தது, தலையைக் குனிந்தான். நியாயமான அளவு நேரம் பொறுத்திருந்துவிட்டு நான் சொன்னேன்: “உதிலை ஒண்டும் இல்லையடா. உப்பும் இல்லை, புளியும் இல்லை. பழையபடி அடி.” அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கிற்றாரை வைத்துவிட்டு எழும்பி வந்து, என் வலது காதுக்குள்ளே வாயை வைத்துக் கத்தினான்.

“மாமா, நான் இன்னும் பாடத் தொடங்கேல்லை. கம்பி முறுக்கிறன்.”

அவன் முழங்காலில் குந்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, “எத்தினை வருசமா?” என்று கேட்டான். அதை உதட்டில் வாசித்தேன். “ஆறு” என்றேன். “ஏன் சொல்லேல்லை?” என்றான். “நீங்கள் கேக்கேல்லையே” என்றேன். அப்படிச் சொன்னால் கோபிப்பான் என்று நினைத்தேன், அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இருபத்தெட்டு வயதுப் பெடியன்.

ஆகவே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், அண்ணை. எனக்குக் காது கேட்பதில்லை. தொலைபேசியை எடுக்காதது அதனால்தான், அச்சுக்கூடத்துப் பெடியனுக்கு ஓம் சொன்னதும் அதனால்தான். இராசேஸ்வரி படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் என்ன என்னவோ சொன்னாள், பாதிக்கு மேலே எனக்கு விளங்கவில்லை, அவளுக்கும் ஓம் ஓம் என்றுதான் சொன்னேன். எதற்கு ஓம் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவள் போனபிறகு இந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, மழை பெய்தால் கூட முற்றத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அந்தச் சத்தமில்லாத வீட்டுக்குள்தான் இந்த மூன்று பேரும் வந்து அடித்தார்கள். சுஜிதன் அடிக்கும்போது அது கதிரைக் காலால் ஏறி, முதுகால் வந்து, நெஞ்சுக்குள்ளே நின்று அடிக்கும். எனக்குக் கேட்டது உலகத்திலேயே அது ஒன்றுதான். அவர்கள் வளரட்டும், மாறட்டும், மெல்லப் பாடட்டும், ஊர் முழுக்க அழட்டும். ஆனால் அவர்கள் மெல்லப் பாடத் தொடங்கிய அன்றைக்கு நான் வெளியே விடப்பட்டேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் பாட்டுச் சரியில்லை என்று சொன்னேன். அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டுமா? கேட்கமாட்டேன். எனக்குக் கேட்கிற பாட்டுக்காக நான் சண்டை பிடித்தேன், நாளைக்கும் பிடிப்பேன். மருமகன் சனிக்கிழமை என்னை யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போய்க் காதைக் காட்டினான், மெசின் ஒன்று தருவார்களாம். மெசின் வந்தாலும் என் கருத்து மாறாது என்பதை இப்போதே எழுத்தில் தருகிறேன்.

மச்சாளுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நல்லாய்ப் படித்து நெடுங்காலம் வாழட்டும். உங்கள் மீசை பழையபடி அடர்ந்து வளர அம்மாளாச்சியை வேண்டிக்கொள்கிறேன், வேறு எதையும் உங்களிடம் வேண்டிக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
பணிவுள்ள, ஆனால் பணியாத தம்பி,
வே. பரமலிங்கம்
(இளைப்பாறிய பதிவாளர்)
தலைவர், கருக்குமட்டை இரசிகர் மன்றம் (அசல் பகுதி)

பி.கு. 31.08.2025

முத்திரை வாங்கப் போகாததால் கடிதம் மேசையிலேயே கிடந்தது. நல்லதாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை மெசின் தந்தார்கள். முதலில் கேட்டது குளிர்சாதனப் பெட்டி, யாரோ வீட்டுக்குள்ளே புறுபுறுக்கிறார்கள் என்று தடியோடு தேடினேன். பிறகு நிசாந்தன் தன் தொலைபேசியில் இருந்த பழைய பாட்டைப் போட்டான். அண்ணை, அரைவாசிக்கு மேலே என்னால் ஏலவில்லை. அது என்ன இரைச்சல்! ஆள் கத்துகிறான், கிற்றார் கத்துகிறது, யார் யாரை ஏசுகிறார்கள் என்று தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்து அஜந்தா ஐந்து வருடமாகப் பழகுகிற நாட்களில் வேலியடிக்கு வந்து கையை ஆட்டி ஏதோ சொல்லுவாள், பெடியளைப் புகழுகிறாள் என்று நானும் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன். நேற்று அவள் சொன்னதை முதன்முறையாகக் கேட்டேன். உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவளிடம்தான், உங்களிடம் அல்ல.

புதிய பாட்டையும் கேட்டேன். நல்லாயிருக்கிறது. மூன்றாவது பாட்டில் எழும்பிப் போய் முகம் கழுவ வேண்டியிருந்தது. இது நிலாந்தினிக்குத் தெரியக்கூடாது, மன்றம் இன்னும் பிளந்தபடியே இருக்கிறது.

பெரிய சிக்கல் இதுதான். கருக்குமட்டை என்மேல் இரக்கப்பட்டுத் தீர்மானம் எடுத்து, ட்ரம் செற்றைத் திரும்பக் கொண்டுவந்து ஹோலில் இறக்கிவிட்டது. ஞாயிறுக்கு ஞாயிறு எனக்காகப் பழைய பாட்டாம். இன்று முதல் ஞாயிறு. மூன்று பேருடைய முகத்தையும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல என்னால் ஏலவில்லை. மெசினைக் கழற்றிச் சட்டைப்பைக்குள்ளே போட்டுவிட்டுக் கதிரையில் இருந்து தலையை ஆட்டினேன். சுஜிதன் தடியை உயர்த்திக்கொண்டு, “மாமா, காணுமோ, இன்னும் பலமாய் அடிக்கட்டோ?” என்று கேட்டான்.

“அடியடா” என்றேன்.